யெரம்பீனாவில் மாப்பிள்ளை விசாரித்த கதை

புனிதவதியைப் பற்றி ரொறன்ரோவில் எங்கள் மல்வேர்ன் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "நல்ல பிள்ளை, பாவம்."

நல்ல பிள்ளை என்பது சரி. அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தெட்டு வயதில், சொந்தக் காலில் நிற்கிற, ஒருவருக்கும் கெடுதல் நினைக்காத பெண்ணில் என்ன பாவத்தைக் கண்டார்கள்? கலியாணம் ஆகவில்லை, அவ்வளவுதானே. எனக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருசம். என்னை ஒருவரும் பாவம் என்று சொன்னதில்லை. என் வீட்டுக்காரரை ஒரு கிழமைக்குத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

என் பெயர் தெய்வநாயகி, ஊர் திருகோணமலை. மல்வேர்னில் ஒரே வரிசையாகக் கட்டிய வீடுகளில் புனிதவதி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அங்கே வெங்காயம் தாளித்தால் இங்கே எனக்குப் பசிக்கும். இரண்டு பேருக்கும் மஃபின் செய்கிற தொழிற்சாலையில் வேலை. விடியப்புறம் ஒரே பஸ். அவள் தட்டுகளில் கடதாசிக் கிண்ணங்களை அடுக்குவாள். நான் வெந்து வருவதில் கருகியதையும் கோணலாய்ப் போனதையும் பொறுக்கி எறிவேன். ஆளுக்கேற்ற வேலைதான் தந்திருக்கிறார்கள் என்று என்னைப் பகிடி பண்ணுவாள். அவளுக்குப் பகிடி பண்ணத் தெரியும் என்பது அந்த வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

அவள் கொக்குவில்காரி. தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவளுக்கு ஐந்து வயது இளையவன் தம்பி சச்சிதானந்தன். அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதிலிருந்து சண்டை நேரத்தில் கொழும்பில் ஒளித்து வைத்தது வரைக்கும் இவள்தான். கனடாவுக்கு முதலில் வந்தவளும் இவள்தான். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் காசு சேர்த்து அவனைக் கூப்பிட்டாள். அப்போது ஒரு சம்பந்தம் வந்தது. தம்பி வந்து சேரட்டும் என்றாள். அவன் வந்து சேர்ந்தான். இன்னொன்று வந்தது. அவன் ஒரு வேலையில் ஊன்றட்டும் என்றார்கள். பிறகு அவனுக்குக் கலியாணம் நடந்தது, குணவதி வந்தாள், பிள்ளைகள் இரண்டு பிறந்தன. பிள்ளை நடக்கட்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்று காலம் போனது.

சச்சியும் குணவதியும் கெட்டவர்களில்லை. அதுதான் சிக்கல். கெட்டவர்கள் என்றால் ஒரு நாள் வாய்த்தர்க்கப்பட்டுக்கொண்டு வெளிக்கிட்டிருக்கலாம். அக்கா சாப்பிடாமல் அவன் சாப்பிடமாட்டான். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகமாட்டான். அக்கா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று மட்டும் அவன் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு, பனி கரைந்து முடிந்த நேரம், பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்தியவீட்டில், ரொறன்ரோவின் மற்றக் கரையில் ரெக்ஸ்டேலிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா புனிதவதியைக் கண்டுவிட்டு என்னிடம் வந்து விசாரித்தா. தனக்கு ஒரு தம்பி இருக்கிறாராம், பெயர் அருள்நாயகம், நாற்பத்திரண்டு வயதாம். காங்கேசன்துறைப் பக்கம், சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திர வேலை பழகியவராம். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஒஸ்ரேலியாவுக்குப் போய், சிட்னியில் ஒரு கராஜில் நின்றாராம். ஒரு முறை அறுவடை இயந்திரம் ஒன்றைத் திருத்தவென்று ஒரு கிழமைக்கு யெரம்பீனா என்ற நாட்டுப்புறத்துக்குப் போனவர், எட்டு வருசமாக அங்கேயே நிற்கிறாராம்.

"எட்டு வருசமா ஒரு மிசினையோ திருத்திறார்?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கோபிக்கவில்லை. "உங்களுக்குப் பகிடி. அவன்ரை கை பட்டால் எந்த மிசினும் ஓடும். அந்தச் சனம் அவனை விடுகுதில்லை" என்றா.

படம் கைமாறியது, சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை ரொறன்ரோவுக்கு வந்துவிட வேண்டும் என்று சச்சி ஒரு நிபந்தனை வைத்தான். ரெக்ஸ்டேல் அம்மா தம்பியைக் கேட்டுச் சொன்னா. "அவ எங்கை இருக்க விரும்பிறாவோ, அங்கை எண்டு சொல்லுறான்." உடனே சச்சி, "அப்ப இஞ்சைதான்" என்றான். புனிதவதி பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் கையில் சூடான கோப்பையைத் திணித்துவிட்டாள்.

பிறகு கிழமைக்கு ஒரு முறை போன் வரத் தொடங்கியது. இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அவர் தன்னுடைய ஊரைச் சொன்னார், இவள் கேட்டாள். வேறு ஒன்றுமில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் அதை அப்படியே எனக்குச் சொல்லுவாள். மெய்யாகவே சொல்கிறேன், ஷெப்பேர்ட் அவெனியூவில் நாங்கள் எந்தத் தரிப்பைத் தாண்டினோம் என்று எனக்குத் தெரியாது. யெரம்பீனாவில் யார் வீட்டு நாய் குட்டி போட்டது என்று தெரியும்.

ஊருக்கு ஒரே தெரு. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது கோதுமை கொட்டி வைக்கிற இரண்டு பெரிய கொங்கிறீட் கோபுரங்கள். ரயில் பாதை உண்டு, ஆனால் கோதுமை ஏற்றவென்று மட்டும்தான் ரயில் வரும். தகரக் கூரை போட்ட மண்டபம் ஒன்று. கலியாணமும் அங்கேதான், செத்தவீட்டுச் சாப்பாடும் அங்கேதான். பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். ஹோட்டல் என்று பெயர், ஆனால் உண்மையில் குடிக்கிற இடம். ஒரு கடை. பாண், தபால், பெற்றோல் எல்லாம் அதற்குள்தான். கடைக்காரி பெயர் பெரில், புருசனை இழந்தவள். அவளுக்குத் தெரியாமல் அந்த ஊரில் ஒருவர் தும்ம முடியாது. ஆறு என்று ஒன்று இருக்கிறது, வருசத்தில் பாதி நாள் தண்ணீர் இராது. மரங்கள் வரிசையாய் நிற்பதை வைத்துத்தான் அதை ஆறு என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். பின்னேரமானால் நெஞ்சு ரோஸ் நிறமான சாம்பல் கிளிகள் நூற்றுக்கணக்கில் வந்து அந்த மரங்களில் இறங்கிக் காது கிழியக் கத்துமாம்.

எனக்குப் பிடித்தது மழைக் கதைதான். வீட்டுக்கு வீடு முற்றத்தில் மழை அளக்கிற குழாய் ஒன்று நட்டிருப்பார்களாம். மழைக்கு அடுத்த நாள் கடையில் ஒருவரும் சுகம் கேட்கமாட்டார்கள். உன் பக்கம் எவ்வளவு பெய்தது, என் பக்கம் இவ்வளவு என்பதுதான் முதல் பேச்சு. மழையில்லாத நாளிலும் அதேதான். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பெரிலிடம் ஒரு றாத்தல் பாண் வாங்க முடியாதாம். வந்த புதிதில் அருள்நாயகம் நேரே போய்ப் பாண் கேட்டாராம். அவரை ஏதோ மரியாதை தெரியாத ஆள் என்று ஒரு மாதம் நினைத்திருந்தார்களாம்.

ஒரு நாள் புனிதவதி நூல்நிலையத்துக்குப் போய்ப் பெரிய அட்லஸை விரித்துத் தேடினாள். யெரம்பீனா இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. "அப்பிடி ஒரு ஊர் மெய்யாவே இருக்கோ?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"சின்ன ஊர், அதுதான் போடேல்லை" என்றாள், நிம்மதியாக.

அன்றைக்குப் பஸ்ஸால் இறங்கி நடக்கும்போதுதான் அதைச் சொன்னாள். "தெய்வமக்கா, எனக்கு இது விருப்பம்." ஏழு வருசப் பழக்கத்தில் அவள் வாயிலிருந்து விருப்பம் என்ற சொல்லை முதல் முறையாகக் கேட்டேன். என் கண் கலங்கிவிட்டது. குளிர் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

கார்த்திகை பிறந்ததும் அருள்நாயகம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். அங்கே அறுவடை தொடங்குகிறது, முடியும் மட்டும் தான் வீட்டில் இருக்க முடியாது, எந்த வயலில் எந்த இயந்திரம் நிற்கிறதோ அங்கேதான் சாப்பாடும் படுக்கையும், போன் எடுக்கப் பிந்தும் என்று. அந்த நேரம் பார்த்து, தை மாதத்தில் கலியாணத்தை வைப்பதானால் இப்போது மாப்பிள்ளையை முறைப்படி விசாரிக்க வேண்டும் என்று சச்சிக்கு யோசனை வந்தது. தங்கத்துரை அண்ணையைக் கூப்பிட்டான்.

தங்கத்துரை அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் கோட்டில், கிளார்க்காக இருந்தவர். மகளோடு ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் கோட்டைக் கழற்றவில்லை, உடுக்கிற கோட்டு, வேலை செய்த கோட்டு இரண்டையும்தான். ஸ்கார்பரோவில் பாதிக் கலியாணங்களுக்கு மாப்பிள்ளை விசாரித்தவர் அவர். கூலி கிடையாது, தேத்தண்ணீரும் வடையும் போதும். அவருக்கென்று ஒரு முறை உண்டு. மாப்பிள்ளையின் சொந்தக்காரரைக் கேட்கவே கூடாது. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரைக் கேட்க வேண்டும். மூன்று பேரும் ஒன்றைச் சொன்னால் அது உண்மை. ஊரில் என்றால் பக்கத்து வளவு, சைக்கிள் கடை, வேலை செய்கிற இடத்து வாச்சர். இங்கே என்றால் கட்டடத்தைப் பார்க்கிறவர், மளிகைக் கடை, கூட வேலை செய்கிறவர். இந்த முறையால் ஏற்கனவே மனைவி இருந்த ஒருவனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார், அதை மறுக்க மாட்டேன். என் மருமகனையும் இப்படித்தான் விசாரித்தார். அப்படியே எங்களையும் விசாரித்துவிட்டு, "தாய்க்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்று அவர்களுக்குப் போய்ச் சொன்னார். அது விசாரிக்காமலே தெரிகிற விசயம்.

அவர் டெலிபோன் ஒப்பரேற்றரைப் பிடித்து யெரம்பீனாவில் மூன்று நம்பர் எடுத்தார். கடை, ஹோட்டல், பள்ளிக்கூடம். ஒன்றன்பின் ஒன்றாகப் பேசினார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சச்சி வீட்டுக் குசினி மேசையில் வந்து உட்கார்ந்தார். நானும் அங்கே இருந்தேன், கூப்பிட்டு அல்ல.

"தம்பி, உது சரிவராது" என்றார். "அப்பிடி ஒரு ஆள் அங்கை இல்லை."

"இல்லையெண்டால்?"

"இல்லையெண்டால் இல்லை. கடைக்காரி பேரைக் கேள்விப்படவே இல்லையாம். ஹோட்டல்காரனும் அதைத்தான் சொன்னான். பள்ளிக்கூடத்து மாஸ்ரரும் அதையே சொன்னார். மூண்டு பேரும் ஒரே சொல்லு. எங்கடை நிறத்திலை ஒருத்தரையும் தாங்கள் கண்டதே இல்லையாம்."

குணவதி வாயில் கை வைத்தாள். சச்சி போனை எடுத்து அருள்நாயகத்தின் நம்பரை அழுத்தினான். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர்தான் வயலில் நிற்பாரே என்று சொன்னேன். "எந்த வயலிலை, தெய்வமக்கா? அவர்தான் அங்கை இல்லையே" என்று என்மேல் பாய்ந்தான்.

"தமக்கைக்காரிக்கே பொய் சொல்லியிருக்கிறான்" என்றார் தங்கத்துரை அண்ணை. "போன் எங்கையும் வைக்கலாம். ஒஸ்ரேலியா பெரிய நாடு. ஆள் எங்கையிருந்து, ஆரோடை இருந்து கதைக்கிறானோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒரு பொய்க்காரன் தண்ணியில்லாத ஆற்றைச் சொல்லுவானே? வீடு, கார் எண்டல்லோ சொல்லியிருப்பான்" என்று கத்தினேன். நியாயமான கேள்விதான், ஆனால் நான் கத்தினால் எவரும் நியாயத்தைக் கவனிப்பதில்லை.

சச்சி முடிவாகச் சொன்னான். "நான் இப்பவே ரெக்ஸ்டேலுக்கு எடுத்து வேண்டாம் எண்டு சொல்லப் போறன்." அவன் முகத்தில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. நான் பார்த்தேன். அக்கா எங்கும் போகப்போவதில்லை என்ற ஆறுதல்தான் அது. பாவி, அது தன் முகத்தில் இருப்பது அவனுக்கே தெரியாது.

புனிதவதி அவ்வளவு நேரமும் பாத்திரம் கழுவுகிற சிங் பக்கமாக நின்றவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, கடைக்காரியிட்டை முதல் என்ன கேட்டனீங்கள்?"

தங்கத்துரை அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். அவர் இங்கிலீஷில் கேட்டது இதுதான்: இன்ன பெயருடைய நபர் உங்கள் எல்லைக்குள் வசிக்கிறாரா, எவ்வளவு காலமாக, மதுப் பழக்கம் உண்டா, வழக்கு ஏதும் உண்டா, பெண் எவருடனாவது வாழ்கிறாரா, உண்மையை மட்டும் சொல்லவும்.

"மழையைப் பற்றிக் கேக்கேல்லையோ?"

"மழையோ? நான் மாப்பிள்ளை விசாரிக்கிறனோ, வானிலை அறிக்கை எடுக்கிறனோ?"

புனிதவதி தம்பியின் கையிலிருந்த போனை வாங்கினாள். அவள் அப்படி ஒருவர் கையிலிருந்து ஒன்றை வாங்கி நான் கண்டதில்லை, கொடுத்துத்தான் கண்டிருக்கிறேன். தங்கத்துரை அண்ணையிடம் கடை நம்பரைக் கேட்டு அழுத்தினாள். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டாள். எங்களுக்கு வெள்ளி பின்னேரம், அங்கே சனி காலை. கடை திறந்திருக்கும் நேரம்.

அவளுடைய இங்கிலீஷ் மஃபின் தொழிற்சாலை இங்கிலீஷ். பெரிலின் இங்கிலீஷ் மூக்கால் வருகிற இங்கிலீஷ். இரண்டையும் நான் எங்கள் பாஷையில்தான் சொல்ல முடியும். பெரில் யாழ்ப்பாணத்துக்காரி மாதிரிப் பேசினால் என்னைக் கோபிக்க வேண்டாம்.

"கடை" என்றது ஒரு தடித்த குரல்.

"குட் மோர்னிங், பெரில். மழை வரேல்லைத்தானே?"

பெரில் வெளியே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "இல்லை. வெளியிலை ஒரு முகிலும் இல்லை."

"நல்லது. அறுவடை முடியுமட்டும் வரக்கூடாது. நனைஞ்சால் கோதுமையை ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

"அதைத்தான் நானும் விடிஞ்சதிலை இருந்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்ற குரல் இப்போது இளகியிருந்தது. "நீ ஆர் பிள்ளை?"

"நான் புனிதா. கனடாவிலை இருந்து."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. பிறகு பெரில் போனைக் கையால் பொத்தாமல், கடையில் நின்றவர்களுக்குக் கத்தியது எங்கள் குசினி முழுக்கக் கேட்டது. "எங்கடை அருளின்ரை புனிதா கதைக்கிறாள்!" யாரோ விசிலடித்தார்கள். ஒரு நாய் குரைத்தது.

சச்சி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"புனிதா, நல்ல வேளை எடுத்தாய்" என்று பெரில் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "அருளை ஆரோ தேடுறாங்கள். கனடாவிலை இருந்து ஒரு கிழவன் எடுத்தவன். பொலிஸோ, குடிவரவோ, நீதிமன்றமோ தெரியாது. மழை, வெயில் ஒண்டும் இல்லை. எடுத்த எடுப்பிலை குடிப்பானோ, வழக்கு இருக்கோ எண்டு கேக்கிறான். எனக்கு விளங்கீட்டுது. அப்பிடி ஒரு ஆளே இஞ்சை இல்லையெண்டு சொல்லிப்போட்டன். அவன் போனை வைச்ச கையோடை ஹோட்டலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்து, ஆர் கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லச் சொன்னன். பயப்பிடாதை. அருளை நாங்கள் ஒருத்தருக்கும் பிடிச்சுக் குடுக்க மாட்டம்."

நாங்கள் எல்லாரும் தங்கத்துரை அண்ணையைப் பார்த்தோம். அவர் வடையைக் கோப்பைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் அவருக்கு வேண்டும். அந்த ஊரில் ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாய்கூட இல்லை. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முந்தானையை வாய்க்குள் அடைத்தேன். அடங்கவில்லை.

"அவர் பொலிஸ் இல்லை, பெரில்" என்றாள் புனிதவதி. அவள் குரலிலும் சிரிப்பு இருந்தது. "எங்கடை ஆக்களிலை கலியாணத்துக்கு முன்னம் மாப்பிள்ளையை இப்பிடி விசாரிக்கிறது வழக்கம்."

"அப்பிடியோ?" பெரில் கொஞ்சம் யோசித்தாள். "நல்ல வழக்கம்தான். அப்ப நாங்களும் பொம்பிளையை விசாரிக்கலாமோ?"

"கேளுங்கோ."

"நான் ஒண்டுதான் கேக்கப் போறன். நாங்கள் எல்லாரும் கேக்க நினைச்சுப் பயந்து கேக்காத விசயம். அருளிட்டைக் கேட்டால் அவன் சிரிச்சுக்கொண்டு போயிடுவான்." பின்னால் கடைக்குள் சத்தமே இல்லாமல் போயிருந்தது. "போன வருசம் தீயணைக்கிற லொறி நடு றோட்டிலை நிண்டிட்டுது, நெருப்பு வேலியைத் தாண்டி வருகுது. அவன்தான் ஓடிவந்து அதைக் கிளப்பினவன். அவன் இல்லாட்டில் இந்தக் கடையும் இல்லை. எங்களுக்கு அவன் வேணும். ஆனா அவனுக்கு ஒரு துணை வேணும், அதுவும் எங்களுக்குத் தெரியும். சொல்லு பிள்ளை, நீ அவனைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறியோ? நீ என்ன செய்யப் போறாய்?"

அந்தக் குசினியில் நான் எத்தனையோ வருசமாக ஏறி இறங்கியிருக்கிறேன். அக்கா என்ன சமைக்கப் போறாய் என்று அவர்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். நீ என்ன செய்யப் போறாய் என்று ஒருவரும் அவளைக் கேட்டு நான் கேட்டதில்லை. அதைக் கேட்க உலகத்தின் அடியிலிருந்து ஒரு பாண் கடைக்காரி வர வேண்டியிருந்தது.

புனிதவதி தம்பியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. போனைப் பார்த்துத்தான் சொன்னாள், திருத்தமாக, ஒவ்வொரு சொல்லாக. "இல்லை, பெரில். நான் அங்கை வாறன்."

அந்தப் பக்கம் கிளம்பிய சத்தத்தில் ஸ்பீக்கர் கீச்சிட்டது. பெரில் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. மண்டபத்துக்குப் புதுப் பெயின்ற் அடிப்போம் என்றாள், ஈ, இலையான் தொல்லை கொஞ்சம் இருக்கிறது, அதற்கு மட்டும் பழக வேண்டும் என்றாள், அருள் எந்த வயலில் நிற்கிறான் என்று தெரியும், மத்தியானச் சாப்பாடு கொண்டு போகிறவனிடம் சொல்லி அனுப்புகிறேன் என்றாள். புனிதவதி நன்றி சொல்லிப் போனை வைத்தாள். அவள் முகம் சிவந்து போயிருந்தது. அவ்வளவு வடிவாக நான் அவளை அதற்கு முன் கண்டதில்லை.

முதலில் வாய் திறந்தவர் தங்கத்துரை அண்ணை. மனிதன் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை.

"தம்பி, நான் எத்தினையோ மாப்பிள்ளையளை விசாரிச்சனான்" என்றார். "எல்லா மாப்பிள்ளைக்கும் நல்லவன் எண்டு சொல்ல நாலு பேர் இருப்பினம். ஒருத்தனைக் காப்பாத்த ஒரு ஊரே சேந்து பொய் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. இதுக்கு மேலை எனக்கு விசாரிக்க ஒண்டுமில்லை." பிறகு வடையை எடுத்துச் சாப்பிட்டார். அந்த ஒரு பேச்சுக்காக அவர் என் வாயைப் பற்றிச் சொன்னதை நான் அன்றைக்கே மன்னித்தேன்.

சச்சி இன்னும் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் இருபது பேருக்கு மேலாளாக இருக்கிறவன். முன் தலையில் மயிர் கொட்டத் தொடங்கிவிட்டது.

"அக்கா, அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"அவர் இருக்கிறார்."

"கோயில் இல்லை. கதைக்கப் பேச ஒரு சனம் இல்லை."

"இப்ப நான் கதைச்சது உனக்குக் கேக்கேல்லையே?"

அவன் கதிரையை விட்டான். பிறகு, தன்னுடைய பிள்ளைகள் கேட்கிற மாதிரியே கேட்டான். "அப்ப நாங்கள்?"

புனிதவதி அவன் அருகில் போனாள். கட்டிப்பிடிக்கவில்லை, எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. அவன் சட்டைக் கொலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை நேராக்கிவிட்டாள்.

"நீ வளந்திட்டாய், சச்சி."

குணவதிதான் முதலில் அழுதாள். எனக்கு அவள்மேல் இருந்த நெடுநாள் எரிச்சல் அந்த இடத்தில் பாதியாகக் குறைந்தது. "அக்கா, சோறு குழையாமல் வடிக்க எனக்கு இன்னும் தெரியாது" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவளுக்கு அந்த நேரத்தில் சொல்லத் தெரிந்த பெரிய அன்பு அதுதான் போல.

சச்சி அந்தக் கொலரை ஒரு முறை தொட்டுப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான். ரெக்ஸ்டேல் நம்பர் அவனுக்கு மனப்பாடம். அந்தப் பக்கம் அந்த அம்மாதான் எடுத்தா.

"சச்சி கதைக்கிறன். உங்கடை தம்பியை இஞ்சை வரச் சொல்லிக் கேட்டனான்தானே, அது வேண்டாம். கலியாணத்துக்கு மட்டும் வந்து போகச் சொல்லுங்கோ. எங்கடை அக்கா அங்கை போகப் போறா."

'எங்கடை அக்கா' என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தாமல் வசனத்தைச் சொல்லி முடித்தான்.